ரெட்டைக் கவலை

என் புருஷன் இன்னொரு பெண்ணிடம் மனம்விட்டுப் பேசுவதற்கு நானே வண்டி பூட்டச் சொல்லி, நானே கூட ஏறிப் போய், சாத்திய கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒருநாள் இரண்டு நாள் அல்ல. சோளம் விதைத்ததிலிருந்து கதிர் அறுத்துப் போர் போடும்வரை, சந்தைக்குச் சந்தை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு எவளும் இப்படிச் செய்திருக்க மாட்டாள். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வாயாடி. அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அபூர்வம். அதனால் தலைக்கனம், தலைக்கனத்தால் வாய் நீளம். என் புருஷன் நேர் எதிர். யாராவது வந்து அவரிடம், "ஏனுங்க, உங்க பக்கம் மழ எப்படிங்க?" என்று கேட்டால் பதிலை நான் சொல்வேன். உடம்பு எப்படி என்று கேட்டால் அதற்கும் நானே. அவர் தலையாட்டுவார். இவர்களைப் போல ஒத்துப்போன புருஷன் பெண்டாட்டி உண்டா என்று ஊரில் எங்களுக்கு நல்ல பெயர்.

எங்கள் தோட்டம் நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் பாதையில் இருந்தது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கோட்டைப் பாறை தெரியும். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் அங்கே கல்வேலைக்குப் போயிருந்தார்கள். எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது, கிணறுதான். கிணறு என்றால் கவலை.

கவலை என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு மனசில் இருப்பது மட்டும்தான் தெரியும். எங்களுக்குக் கிணற்று மேட்டில் இருப்பதும் கவலைதான். வடத்தின் ஒரு நுனியில் தண்ணீர் மொள்ளும் பறியைக் கட்டி, மறு நுனியை மாட்டின் நுகத்தில் பூட்டி, மாட்டைச் சரிவில் இறக்கினால் பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடு பின்னுக்கு நடந்து மேடேறினால் பறி மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். இப்படி இறைப்பதற்குப் பெயர் கவலை ஓட்டுவது. எங்கள் கிணறு ரெட்டைக் கவலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஜோடி மாடு. ஒரு பக்கம் இவர் ஓட்டுவார், மறுபக்கம் இவருடைய தம்பி.

கொழுந்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தார். வீட்டில் ஊமையாக இருக்கிற என் புருஷன், கிணற்று மேட்டில் தம்பியோடு பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஏறுவார். நடுச்சரிவில் இருவரும் எதிர்ப்படும்போது இவர் ஒரு பேச்சுப் பேசுவார். அடுத்தமுறை எதிர்ப்படும்போது அவர் பதில் சொல்வார். ஒரு கதையைச் சொல்லி முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகும். சமையல்கட்டில் இருக்கிற எனக்கு அவர்கள் சிரிப்பு மட்டும்தான் கேட்கும். கஞ்சி கொண்டுபோனால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கொழுந்தனார்மேல் பொறாமைதான். தங்கமான மனுஷர். என் குழந்தையைத் தோளைவிட்டு இறக்காதவர். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டிய பங்கு என்றே நினைப்பேன்.

கொழுந்தனார் விஷக்காய்ச்சலில் படுத்து, ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். எனக்கு அழுது குரல் கம்மிவிட்டது. இவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கொள்ளி வைத்தார், தலை முழுகினார், காரியம் முடிந்த மறுநாள் மாட்டைப் பூட்டிவிட்டார். கல்லு மாதிரி மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நடுச்சரிவுக்கு வந்ததும் மாட்டை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்பார். மாடு திரும்பிப் பார்க்கும். பிறகு ஓட்டுவார். அப்புறம் நிற்பது அதிகமாகி ஓட்டுவது குறைந்தது. ஒருநாள் பூட்டவே இல்லை. ஆளைவிட்டுக் கவலை ஓட்டச் சொன்னேன்.

அதன்பிறகு வேப்பமரத்தடிக் கட்டிலே கதியாகிவிட்டார். சோறு இறங்கவில்லை. தாடி மண்டிவிட்டது. இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவியது. "ஏனுங்க, கஞ்சி ஆறுதுங்க" என்றால், "எதுக்கு?" என்பார். நாமக்கல்லில் மகளுக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று செய்தி வந்தபோதும், "எதுக்கு?" என்றார். கோடாங்கியைக் கூப்பிட்டேன். மந்திரித்தேன். கொல்லிமலை மூலிகை என்று ஒருவன் கொடுத்ததை அரைத்து ஊற்றினேன். காத்து சேட்டை என்றார்கள், வயிற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். வயசானால் இப்படித்தான், விட்டுவிடு என்றும் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

ஒருநாள் உச்சிப்பொழுதில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "போறேன்" என்றார்.

எங்கள் ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குழந்தைகூட, "வாரேன்" என்றுதான் சொல்லும். "வாரேன்னு சொல்லுங்க" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கிணற்று மேட்டில், தம்பியின் பக்கத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் போய் அவர் இடுப்புவேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் திமிறவில்லை. மெதுவாக இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அவர் எழுந்தால் நானும் எழுவேன். குளிக்கப் போனாலும் வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா வந்தார். எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவத்தில் சிசு குறுக்கே நின்றபோது தாயையும் பிள்ளையையும் மீட்டுக்கொடுத்தவர் அவர். தெற்கே கடற்கரைப் பக்கம் பிறந்து, பட்டணத்தில் படித்து, அங்கே ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலும் சில வருஷம் வேலை பார்த்திருந்தார். அண்ணனுக்கு நாமக்கல்லில் சர்க்கார் உத்தியோகம். அந்த வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்த்தார். நாற்பது வயசு இருக்கலாம். கல்யாணமாகாதவர். அவரை நான் சாமி என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முன்னாலே.

மகள் பிள்ளையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். பேரனைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தவர், கட்டிலில் கிடந்த இவரை வெகுநேரம் பார்த்தார். என்னிடம் விவரம் கேட்டார். கிணற்று மேட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"இது பேயுமில்லை, மருந்துமில்லை. வயசுமில்லை. மனசுக்கு வந்த நோய். அவரை என்கிட்ட அழைச்சிட்டு வாங்க" என்றார்.

"மருந்து இருக்குதுங்களா?"

"பேசணும். அதுதான் இப்போதைக்கு."

பேச வேண்டும் என்றால் அதற்கு நான் போதாதா என்று எனக்குப் பட்டது. ஆனால் கிணற்று விளிம்பு கண்முன் வந்தது. வண்டி பூட்டச் சொன்னேன்.

அந்த முன்னறையில் ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் டாக்டரம்மா, ஒன்றில் இவர். நான் இவர் பின்னால் நின்றுகொண்டேன். டாக்டரம்மா இவரைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பாடு எப்படி ஐயா?"

"ஒரு வாய் எறங்கறதில்லீங்க" என்றேன் நான்.

"தூக்கம்?"

"கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே முளிச்சுக்குவாருங்க" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஐயா, உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு டாக்டரம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் வாயைத் திறந்தார்.

"ரெட்டைக் கவலைங்க" என்றார். "ஒண்ணு நின்னு போச்சுங்க."

எனக்கு மானம் போய்விட்டது. "ஐயோ டாக்டரம்மா, அவரு தண்ணி எறைக்கற கவலையச் சொல்றாருங்க! எங்க கெணத்துல ரெண்டு ஜோடி மாடு பூட்டி எறைப்போம், அதுல ஒண்ணு இப்ப ஓடறதில்ல. நீங்க கேட்டது அவருக்கு வெளங்கல" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

டாக்டரம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "எனக்கு அந்தக் கவலை என்னன்னு தெரியாது. ஐயா சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது.

தாலி கட்டிய நாளிலிருந்து அவரை யாரும் என்னிடமிருந்து பிரித்துக் கதவைச் சாத்தியதில்லை. டாக்டரம்மாவின் அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். எழும்பி, இறங்கி, நின்று, மறுபடி எழும்பியது. பல மாதமாக "எதுக்கு" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு சொல்லாத மனுஷன் அங்கே கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவனே, பேசுகிறாரே என்று கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே, யாரிடம் பேசுகிறார் பார் என்று நெஞ்சு கொதித்தது. எது முந்தி எது பிந்தி என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்தவர் வாசற்படியில் நின்று திரும்பி, "வாரனுங்க" என்றார், டாக்டரம்மாவிடம். கூப்பாடு போட்டும் எனக்குக் கிடைக்காத அந்த ஒரு சொல், கேட்காமலே அந்த அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது.

வண்டி ஏறியதும் ஆரம்பித்தேன். "என்னங்க பேசுனீங்க?"

"கெணத்தப் பத்தி."

"இத்தன நேரமா? அந்தம்மாவுக்குக் கெணத்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுன்னாங்க. அதான் சொன்னேன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"உனக்குத்தான் எல்லாந் தெரியுமே" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. எனக்குத் தெரியும்தான். அந்தக் கிணறு எத்தனை ஆழம், எந்த மாடு எந்தப் பக்கம் இழுக்கும், வடம் எங்கே அறும் எல்லாம் தெரியும். ஒன்றும் தெரியாதவளுக்கு நாற்காலி, எல்லாம் தெரிந்தவளுக்கு வாசல் பெஞ்சு.

சந்தைக்குச் சந்தை போனோம். அவர் தாடியை மழித்துக்கொண்டார். அதுவும் சந்தைக்கு முந்தின நாள். வெளுத்த வேட்டி எங்கே என்று கேட்டார். இரண்டு கிண்ணம் கூழ் குடித்தார். பார்க்கிறவர்கள் எல்லாம், "பரவாயில்லையே, தேறிட்டாருங்களே" என்று என்னிடம் சந்தோஷப்பட்டார்கள். ஆமாங்க ஆமாங்க என்று நானும் சிரித்தேன். உள்ளுக்குள்ளே, எனக்காக என்றைக்காவது வெளுத்த வேட்டி கேட்டிருக்கிறாரா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு மட்டும்தான் வேட்டி மாற்றத் தெரியுமா? நானும் பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். அவர் கவனிக்கவில்லை. டாக்டரம்மா கவனித்தார். "சேலை ரொம்ப அழகா இருக்கு" என்றார். அதற்கப்புறம் அந்தச் சேலையைக் கட்டுவதை விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா காசு வாங்க மறுத்ததால் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒருமுறை நல்ல நிலக்கடலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொத்தைக் கடலையாகப் பொறுக்கிப் பை கட்டினேன். அந்த அம்மா அதை வறுத்துத் தின்றுவிட்டு, இவ்வளவு ருசியான கடலையை நான் சாப்பிட்டதே இல்லை என்றார். கடலைகூடத் தெரியாத ஒருத்தியிடம் போய் இந்த மனுஷர் மனசைத் திறக்கிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொரு சந்தை நாளில், மாட்டுக்குக் கால் நொண்டுகிறது, வண்டி பூட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். மாடு கட்டுத்தறியில் நாலு காலையும் ஊன்றி நின்று சோளத்தட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். கட்டிலைவிட்டு எழ மாட்டேன் என்று கிடந்த ஆள், நாமக்கல்வரை வெயிலில் நடக்கிறார்! தனியே விட முடியுமா? பின்னாலேயே நானும் நடந்தேன். அவர் முன்னால் விறுவிறுவென்று போக, நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு போக, எதிரே வந்தவர்களெல்லாம் ஏதோ சண்டை என்று நினைத்தார்கள். மாட்டுக்கு நொண்டி என்று சொன்னதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அவரால் நடக்க முடியும் என்பது அதனால்தானே தெரிந்தது.

அன்றைக்குத்தான் அந்த அழுகையைக் கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தபோது, கதவுக்குள்ளிருந்து மாடு அடித்தொண்டையில் கத்துவதுபோல ஒரு சத்தம். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு முன்னால் அவர் அழுது நான் கேட்டதில்லை. தம்பிக்குக் கொள்ளி வைத்த கை நடுங்கவில்லை என்று ஊரே சொன்னதே, அந்த மனுஷர் தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். எழுந்து கதவில் கை வைத்தேன். தள்ளவில்லை. அந்தக் கொழுந்தனாருக்குச் சோறு போட்டவள் நான், கண்ணை மூடிவிட்டவள் நான். இவர் அழுகிறபோது கூட உட்கார்ந்து அழுவதற்கு என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? அழுகையைக்கூட என்னிடம் அழாமல் சேர்த்துவைத்துக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறாரே என்று, நானும் வெளியே அழுதேன்.

அவர் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனதும் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு உங்ககிட்ட என்னதான் சொல்றாருங்க? நான் பெண்டாட்டி. எனக்குத் தெரியோணும்."

"அதை நான் சொல்லக்கூடாதம்மா. அது அவரோடது. நீங்களே அவரைக் கேளுங்க."

"கேக்காமயாங்க இருக்கறேன்? நாளுக்கு நூறு தடவ கேக்கறேன்."

"கேக்கறீங்க. பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்களேன்" என்றார்.

அந்த இடத்திலேயே இரண்டு அறை கொடுக்கலாமா என்று வந்தது. கல்யாணமாகாதவள், ஒரு புருஷனோடு ஒருநாள் குடித்தனம் செய்யாதவள், எனக்கு என் புருஷனிடம் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். ஆனால் அவர் அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு, விடிந்து வெயில் ஏறும்வரை தூங்கினார். எதை வைத்து அறைவது?

சோளம் அறுத்து முடித்த சமயத்தில் டாக்டரம்மாவின் அண்ணனுக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு டாக்டரம்மாவும் கிளம்புகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். அதை அவர் தொடவில்லை. கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளும் எழவில்லை. அதற்கடுத்த நாள் டாக்டரம்மா குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம், அன்றும் எழவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. மறுபடி கிணற்று மேட்டுக்குப் போய் நின்றால்? இந்தத் தடவை நான் சமையல்கட்டில் இருந்துவிட்டால்? அந்த அம்மா ஒழிந்தால் போதும் என்று நான் நினைத்த நினைப்பே அவரைத் தள்ளிவிட்டுவிடுமோ என்று உதறியது. வண்டி வைத்துக்கொண்டு எங்கே போனாலும் சரி, அந்த அம்மாவைத் திரும்பக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, அதற்கும் எரிந்தேன்.

வேறு வழி தெரியாமல் அந்த அம்மா சொன்னதையே செய்து பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஏனுங்க, என்னங்க பண்ணுது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மேலே வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது, பறந்தது. எனக்கு மூச்சு முட்டியது. "ராத்திரி சளி புடிச்சிருக்கும், அதான் ஒடம்பு வலிக்குது, கசாயம் வெக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகக் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கசாயத்தைக் குடித்தார்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதிவழியில் வடம் ஓடும் உருளை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அவர் தன் பக்கத்துக் கவலையைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் பக்கம் வெறுமனே கிடந்தது. நடுச்சரிவில் ஒவ்வொரு முறையும் நின்றார், ஏதோ முணுமுணுத்தார், மறுபடி ஓட்டினார். நான் அருகே போகவில்லை. ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்து கூழைக் கரைத்தேன்.

வெயில் ஏறியதும் கூழ் கொண்டுபோனேன். மாட்டை மேட்டில் நிறுத்திவிட்டு வந்து குடித்தார். கூழ்ப் போசியை வாங்கிக்கொண்டு திரும்பியவளை, "இரு புள்ள" என்றார். "உக்காரு."

அவர் இருந்த கல்லுக்கு எதிரே இன்னொரு கல். கொழுந்தனார் உட்காருகிற கல். அதில் உட்கார்ந்தேன்.

"உனக்கென்ன கவல?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கேதுங்க கவல? ரெட்டைக் கவலையும் உங்களுதுதானுங்களே" என்றேன். நல்ல பதில் என்று எனக்கே பட்டது.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா உட்கார்ந்த மாதிரியே. வாய்க்காலில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மாடு தலையை ஆட்டியது. நான், "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் அசையவில்லை. "வெயிலாவுதுங்க, மாட்ட ஓட்டுங்க" என்றேன். அதற்கும் அசையவில்லை.

என் ஆயுசில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். சோறு ஆச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா, அவர் எங்கே, அவருக்கு உடம்பு எப்படி. எனக்கு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நான் வெந்தது டாக்டரம்மாவைப் பார்த்து மட்டும் இல்லை. உள்ளே போட்டிருந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்தும்தான். அவரை ஒருவர் கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அது எனக்கும் வேண்டியிருந்தது.

எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. எது மேலாக மிதந்ததோ அதைச் சொன்னேன்.

"அந்தம்மாதானுங்க" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் எழுந்து போனார். எழுந்து போகிறாரே, கேட்டதுக்குப் பதில் சொன்னால் இப்படித்தான் என்று எனக்கு முகம் கடுத்தது. அவர் நேரே மாட்டண்டை போய் நுகத்தை அவிழ்த்தார். பாத்தி பாதிகூடப் பாயவில்லை. பாதித் தண்ணீரில் மாட்டை அவிழ்க்கிற குடியானவனை நான் கண்டதில்லை. மாடுகளை நிழலில் கட்டிவிட்டு வந்து, அதே கல்லில் என் எதிரே உட்கார்ந்தார்.

"செரி," என்றார், "சொல்லு."